மிதிச்சாலும் கார் இழுக்குதில்லை: வன்னி ஓட்டுநர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஓமந்தை தாண்டினால் ஆனையிறவு வரைக்கும் ஏ9 வீதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால் இங்கே ஓடும் காருக்கு இழுவை குறைந்தால் சட்டென்று தெரியாது. கண்டிப் பக்கம் போனால் முதல் மலை வளைவிலேயே காட்டிக்கொடுக்கும் குறை, வன்னியில் ஒரு டிப்பரை முந்தப் போகும்போதுதான், அதுவும் எதிரே பஸ் வரும்போதுதான், வெளியே வரும். அந்த நேரத்தில் தெரிவது ஆபத்து. அதற்கு முதலே பார்த்துக்கொள்ளத்தான் இந்தப் பதில்கள். பெரும்பாலும் பெற்றோல் கார்களைப் பற்றியது. டீசலுக்கும் ஹைபிரிட்டுக்கும் தனியே பதில் உண்டு.

இழுக்குதில்லை எண்டு மட்டும்தான் தெரியும். எங்கை துவங்கிறது?

எஞ்சினில் பிழையா, எஞ்சினுக்குப் பிறகு பிழையா என்று முதலில் பிரியுங்கள். மிதிக்கும்போது ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, சத்தமும் கூடுகிறது, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது. கிளச் வழுக்குகிறது, அல்லது கியர்பொக்ஸில் கோளாறு. மனுவல் காராக இருந்தால் வெறும் வீதியில் நாலாம் கியரில் 40இல் போய் முழுக்க மிதித்துப் பாருங்கள். முள் துள்ளி ஏறி, கார் அதே வேகத்தில் போனால் கிளச் தட்டு தேய்ந்துவிட்டது.

முள்ளும் ஏறவில்லை, எஞ்சினே திணறுகிறது என்றால் காற்று, எரிபொருள், பிளக்கின் தீப்பொறி இந்த மூன்றில் ஒன்று குறைகிறது. அல்லது எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுவார்கள். கொஞ்ச தூரம் ஓடி நிறுத்தியதும் நாலு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சில்லில் பிரேக் பிடித்தபடி நிற்கிறது. எஞ்சினைக் கழற்றிப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

எப்ப இழுக்கேல்லை எண்டு மெக்கானிக் கேக்கிறார். அதிலை என்ன இருக்கு?

பாதி நோயறிதல் அதிலேதான் இருக்கிறது. காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திணறுகிறதா, சூடான பிறகா? மெல்ல மிதித்தால் ஓடி, ஒரேயடியாக மிதித்தால் அடைக்கிறதா? எந்த வேகத்துக்கு மேலே?

வவுனியாவிலிருந்து வரும் ஒருவர் சொல்வதைக் கேளுங்கள்: "மாங்குளம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு 60க்கு மேலை ஏறாது. முறிகண்டியிலை நிப்பாட்டி, தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டா திரும்ப நல்லா ஓடுது. கிளிநொச்சி வர மறுபடியும் அதே கதை." பிள்ளையாரின் அருள் ஒருபுறம் இருக்கட்டும். நின்று ஆறினால் சரியாகி, ஓடச் சூடேறித் திணறுவது, பிளக்குக்குத் தீப்பொறிக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் கொயிலின் குணம். களைத்துப்போன பெற்றோல் பம்பின் குணமும் அதுதான். ராங்கின் அடியில் இருக்கும் ஊத்தை, ஓடும்போது பம்பின் வலையில் போய் ஒட்டி, நிறுத்தினால் கீழே விழுந்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும். ராங்குக்குக் காற்றுப் போகும் சின்னக் குழாய் அடைபட்டாலும் அப்படித்தான். அடுத்த முறை திணறும்போது ஓரமாக நிறுத்தி ராங்கு மூடியைத் திறவுங்கள். காற்றை உள்ளே இழுக்கும் பெரிய சத்தம் கேட்டு, உடனே கார் சரியாக ஓடினால் கடைசிக் காரணம்தான். அந்தக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டி வைத்திருப்பது இந்தப் பக்கத்தில் புதினமில்லை.

கராஜுக்குப் போக முன்னம் வீட்டிலை நானே என்ன பாக்கலாம்?

எயார் பில்டர். வன்னியில் அதற்குத்தான் முதலிடம். ஏ9, ஏ34, ஏ35 எல்லாம் தார் போட்டு நல்லாய்த்தான் இருக்கின்றன. ஆனால் வீடு இருப்பது பெரும்பாலும் அதிலிருந்து உள்ளே போகும் கிறவல் வீதியில். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை முன்னால் ஒரு மண் டிப்பர் போனால் போதும், பில்டர் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். சேவிஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீற்றர் கணக்கு தார் வீதிக்கு எழுதியது. இங்கே அதில் பாதியிலேயே பார்க்க வேண்டும்.

பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றிப் பில்டரை எடுத்து வெயிலுக்குப் பிடியுங்கள். தாள் மடிப்புகளுக்குள்ளால் வெளிச்சம் வராவிட்டால் மாற்றுங்கள். கொஞ்சம் புழுதிதான் என்றால் உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவான காற்றால் ஊதலாம். தாள் பில்டரைத் தண்ணியில் கழுவக் கூடாது.

பில்டரை விடப் பெட்டியைப் பார்ப்பது முக்கியம். பில்டரைத் தாண்டி, எஞ்சினுக்குப் போகும் பக்கத்து உட்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். செம்மண் ஒட்டினால் பில்டர் விளிம்பில் சரியாக இருக்கவில்லை. மலிவுப் பில்டர்களில் ரப்பர் ஓரம் ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலும் புழுதிக்கு அது வாசல். அந்தப் புழுதி முதலில் காற்றை அளக்கும் சென்சரில் படியும். பிறகு சிலிண்டரைத் தேய்க்கும். கனநாள் நிறுத்தி வைத்த கார் என்றால் அதே பெட்டிக்குள் எலி வைக்கோலும் துணியும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், வயரையும் கடித்திருக்கும்.

பிறகு பில்டர்ப் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், நேரே பார்த்தால் தெரியாது.

காற்றை அளக்கிற சென்சரை நானே கழுவலாமோ?

கழுவலாம். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும். காபரேற்றர் கிளீனர், பெற்றோல், துணி, பஞ்சு எதுவும் கிட்டப் போகக் கூடாது; உள்ளே இருப்பது மயிர் போன்ற கம்பி. நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். எல்லாக் காரிலும் இது இல்லை. சில சின்னக் கார்கள் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் இன்டேக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சரை வைத்தே கணக்குப் போடும்.

செக் எஞ்சின் லைற் எரியுது. ஸ்கான் பண்ணி அழிச்சா சரிதானே?

அழித்தால் லைற் அணையும், பிழை அணையாது. அழிக்க முன்னம் ஸ்கானர் காட்டும் பிழை எண்ணை, அதாவது கோட் என்பதை, எழுதி வாங்குங்கள். அதோடு, அந்தக் கோட் விழுந்த கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் காரின் கணினியில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

பி0300 தொடக்கம் பி0304 வரை வந்தால் மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் ஒழுங்காகப் பற்றவில்லை. கடைசி எண் 1 முதல் 4 வரை என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், 0 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாது. பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் வரவில்லை. பி0420 என்றால் சைலன்சர் வழியில் இருந்து புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் களைத்துவிட்டது. பி2135 போன்றவை அக்சிலேற்றர், திரொட்டில் பக்கம். அவை வந்தால் கணினியே பாதுகாப்புக்காக இழுவையைக் குறைத்துவிடும், எவ்வளவு மிதித்தாலும் கார் ஊர்ந்துதான் போகும்.

கோட் என்பது முறைப்பாடு, தீர்ப்பில்லை. பி0171 வந்தவுடன் ஒக்சிஜன் சென்சரை மாற்றச் சொல்லும் கராஜை விட்டு வேறு இடம் போவது நல்லது. போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கானர் ஒன்று கையில் இருந்தால் எரிபொருள் திருத்தம் என்ற எண்ணைப் பாருங்கள், கணினி பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று அது சொல்லும். பத்து வீதத்துக்குள் மேலும் கீழும் ஆடினால் நல்லது. எஞ்சின் சும்மா நிற்கும்போது இருபதுக்கு மேலே போய், மிதித்தவுடன் குறைந்தால் எங்கோ ஹோஸ் வெடித்துக் காற்று உள்ளே போகிறது. சும்மா நிற்கும்போது ஒழுங்காக இருந்து, மிதிக்க மிதிக்கக் கூடினால் பெற்றோல் பற்றவில்லை, அல்லது காற்றுச் சென்சர் ஊத்தை. லைற் எரியவில்லை என்பதற்காக இந்த எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள். பம்ப் மெல்ல மெல்லச் சாகும்போது கனநாள் லைற்றே எரியாது.

பெற்றோலிலை பிழை இருக்குமோ? கலப்படம் எண்டு சனம் சொல்லுது.

இருக்கலாம். ஆனால் பெற்றோல் செட்டைக் குறைசொல்ல முதல் வீட்டுக் கானைப் பாருங்கள். 2022இல் கியூவில் நின்று, கியூஆர் அட்டை வந்த பிறகும் பயத்தில் கானில் சேர்த்து வைத்த பழக்கம் இன்னும் பல வீடுகளில் போகவில்லை. மாதக்கணக்காக பிளாஸ்ரிக் கானில் கிடந்த பெற்றோலில் எளிதாகப் பற்றும் பகுதி ஆவியாகிவிடும். மாரியில் மூடி இறுகாத கானுக்குள் தண்ணியும் சேரும்.

சோதிப்பது சுலபம். வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து, நிழலில், அடுப்பங்கரைக்குத் தள்ளி, அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். தண்ணி இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும். போத்தலைச் சரித்தால் அந்தத் தண்ணி தாழ்ந்த பக்கம் ஓடும். மண்ணும் துருவும் அடியில் கறுப்பாகப் படியும்.

மண்ணெண்ணெய்க் கலப்படம் இப்படிப் பிரியாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓட்டிய ஊர் இது. "அப்ப ஓடினதுதானே" என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. அப்போது ஓடியவை பழைய காபரேற்றர் எஞ்சின்கள், அவையும் புகை கக்கிக்கொண்டுதான் ஓடின. இன்றைய எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்தால் மிதிக்கும்போது கிணுகிணு என்று தட்டும். அந்தத் தட்டலைச் சென்சர் கேட்டு, தீப்பொறி விழும் நேரத்தைக் கணினி பின்தள்ளும். இழுவை அங்கேதான் போகிறது.

ஒக்ரேன் 92 பெற்றோலுக்குப் பதிலாக 95 அடித்தால் இழுக்குமா என்றும் கேட்கிறார்கள். 92க்குச் செய்த, தட்டாத எஞ்சினுக்கு 95ஆல் ஒன்றும் கூடாது. 95 அடித்ததும் நன்றாக இழுத்தால், முன்பு அடித்தது கூடாத பெற்றோல், அல்லது சிலிண்டருக்குள் காபன் கட்டியிருக்கிறது.

பெற்றோல் பம்பைச் சோதிச்சவை, நல்லா இருக்காம். ஆனா இழுக்குதில்லை.

எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். ஹோஸைக் கழற்றிப் பீச்சி அடிக்கிறது என்று பார்த்தால் அது சோதனையே இல்லை. கேஜ் பூட்டி, நின்ற இடத்தில் பார்த்தாலும் பாதிச் சோதனைதான். சாதாரண இன்ஜெக்ஷன் கார்களில் அழுத்தம் ஏறக்குறைய 3 பார் இருக்கும். உங்கள் காருக்குரிய சரியான எண் அதன் கையேட்டில் உண்டு. சும்மா நிற்கும்போது எஞ்சின் குடிப்பது சொட்டுக் கணக்கு, அதற்குச் செத்த பம்பும் 3 பார் காட்டும். கசிவில்லாத நீண்ட ஹோஸோடு கேஜைப் பூட்டி, கண்ணாடிக்கு வெளியே ஒட்டி, ஒருவர் ஓட்ட மற்றவர் முள்ளைப் பார்க்க வேண்டும். முழுக்க மிதிக்கும்போது முள் இறங்கினால் பம்ப், பில்டர், பம்பின் வலை மூன்றில் ஒன்று. வேலை தெரிந்தவர் மட்டும் செய்யவேண்டியது இது. அழுத்தத்தை இறக்காமல் பைப்பைக் கழற்றினால் சூடான எஞ்சினில் பெற்றோல் சிந்தும். நெருப்புக்கு அது போதும்.

பம்ப் மாற்ற முதல் அதற்குப் போகும் கரண்ட்டைப் பாருங்கள். பம்ப் ஓடும்போதே அதன் பிளக்கில் மீற்றரை வைத்து அளக்க வேண்டும். பற்றறியில் 14 வோல்ற் இருந்து பம்பில் 11தான் வந்தால், புதுப் பம்பும் அதே மாதிரித்தான் இழுக்காது. துருப்பிடித்த ஏர்த், கறுத்த ரிலே இரண்டும் முதல் சந்தேகம்.

பம்ப் ஏன் இங்கே அடிக்கடி போகிறது? அது ராங்குக்குள் பெற்றோலில் மூழ்கி, அந்தப் பெற்றோலாலேயே குளிர்கிறது. ஆயிரம் ரூபாவுக்கு அடித்து, சிவப்பு லைற்றிலேயே வாரம் முழுக்க ஓடினால் பம்ப் சூட்டில் வேகும், அடியில் கிடக்கும் ஊத்தையையும் உறிஞ்சும். கால் ராங்குக்குக் கீழே போக விடாதீர்கள். காசு கஷ்ரம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மொத்தமாக அடிப்பதும் பிரித்து அடிப்பதும் ஒரே செலவு, பம்ப்தான் மேலதிகம்.

மிதிச்சா உதறுது. பிளக் மாத்தினால் சரியோ?

சரியாகலாம். கழற்றிப் பார்க்காமல் மாற்றுவது சடங்கு. அல்ற்றோ போன்ற மூன்று சிலிண்டர்க் காரில் ஒன்று விட்டால் மூன்றில் ஒரு பங்கு இழுவை போய்விடும், கார் முழுக்க ஆடும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் இருக்கும் காரில், மிஸ் அடிக்கும் சிலிண்டரின் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். கோட்டும் கூடவே இடம் மாறினால் கொயில் பிழை. மாறாவிட்டால் பிளக்கையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் மசியாவிட்டால் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர், பிறகு சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்ற கொம்பிரஷன் சோதனை.

சேவிஸ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணி அடித்துக் கழுவிய அடுத்த நாள் உதறத் தொடங்கினால் பிளக் குழிக்குள் தண்ணி நிற்கிறது. ஊதிக் காயவிட்டால் போதும், சாமான் வாங்கத் தேவையில்லை.

கொன்வேட்டர் அடைச்சிட்டுது, உள்ளை இருக்கிறதை உடைச்சு எடுத்தா பறக்கும் எண்டு சொல்லுகினம்.

அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சு விட முடியாது, உண்மை. குளிரில் பரவாயில்லாமல் ஓடி, சூடேறி வேகம் பிடிக்கும்போது ஒரு கட்டத்துக்கு மேலே ஏறவே ஏறாது. ஆனால் ஊகத்தில் வெட்டக் கூடாது. இன்டேக்கில், எஞ்சின் உறிஞ்சும் பலத்தை அளக்கும் வக்குவம் கேஜைப் பூட்டினால், சுகமான எஞ்சின் சும்மா நிற்கும்போது 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் அடைப்பு. கேஜ் இல்லாத கராஜ் என்றால் எஞ்சின் ஆறிய பிறகு முன் ஒக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையோடு சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் காதைப் பிளக்கும், இழுவை திரும்பினால் விடை தெரிந்துவிடும்.

உடைத்து எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். வருடாவருடம் புகைப் பரிசோதனை இருக்கிறது, வரி அனுமதிப் பத்திரம் அதில் தங்கியிருக்கிறது. அதைவிட, கொன்வேட்டர் தானாக அடைப்பதில்லை. மிஸ் அடித்த எஞ்சினின் எரியாத பெற்றோலோ, எஞ்சின் எரித்த ஓயிலோதான் பெரும்பாலும் அதைக் கொல்லும். அந்தக் காரணத்தைத் திருத்தாமல் புதிது போட்டால் அதுவும் அடைக்கும். மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே பிளாற்றினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் அதற்கு விலை உண்டு. சில இடங்களில் "உடைச்சு விடுவம்" என்ற ஆர்வத்துக்குக் காரணமும் அதுதான்.

அக்குவா வைச்சிருக்கிறன். முந்தின மாதிரி பாயுதில்லை.

அக்குவா ஹைபிரிட் கார் என்பதால் பின் சீற்றுக்கு அருகில் இருக்கும் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். ஹைபிரிட் பற்றறியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. நம் புழுதியும் சீற் துணியின் நூலும் அதை அடைத்தால் பற்றறி சூடேறும், கணினி மோட்டாரின் உதவியைக் குறைத்துவிடும். துவாரத்தின் வலையை நீங்களே துப்புரவாக்கலாம். அதற்கு மேலே கை வைக்காதீர்கள்: 2021க்கு முந்திய அக்குவாவின் பற்றறி 144 வோல்ற், பிரியஸில் 200க்கு மேலே. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடக் கூடாது.

ஹைலக்ஸ், டொல்பின் வான் மாதிரி டீசலுக்கு?

டீசல் பில்டரின் அடியில் இருக்கும் குமிழைத் திறந்து தண்ணி வருகிறதா பாருங்கள், பரலில் டீசல் வைத்து உழவு இயந்திரத்துக்கும் வானுக்கும் சேர்த்து அடிப்பவர்கள் கட்டாயம். பிறகு புகையின் நிறம். கரும்புகை விட்டுத் திணறினால் காற்றுக் குறைவு: எயார் பில்டர், வெடித்த ரேர்போ ஹோஸ், கரி பிடித்த இன்டேக். புகையே இல்லாமல் இழுவை போனால் டீசல் வரவில்லை. கொமன் ரெயில் எஞ்சினில் பம்பின் மேலுள்ள கட்டுப்பாட்டு வால்வ் ஒட்டிக்கொள்வதும் வழமை. முழுப் பம்பையும் மாற்றச் சொன்னால் அந்த வால்வைத் தனியே சோதித்தார்களா என்று கேளுங்கள். மண்ணெண்ணெய் கலந்த டீசலில் வழுவழுப்பு இல்லை, அந்தப் பம்புக்கு அது நஞ்சு.

ஏசி போட்டால் இழுக்குதில்லையே?

660, 800 சீசீக் கார் என்றால் அது நோயில்லை. கொம்பிறசர் எஞ்சினின் பங்கைத்தான் எடுக்கிறது. முந்தும்போது ஏசியை நிறுத்துங்கள். முன்பு இப்படி இல்லை, இப்போதுதான் என்றால் மேலே உள்ளவற்றைப் பாருங்கள்.

ஓட்டத்திலை, றோட்டு நடுவிலை இழுவை போனால்?

முதலில் வெப்ப முள், ஓயில் லைற். இரண்டில் ஒன்று சிவப்பானால் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓடினால் எஞ்சினே போகும். செக் எஞ்சின் லைற் விட்டு விட்டு மின்னினால் மிஸ் கடுமை, காலை எடுத்து மெல்ல ஓரத்துக்கு வாருங்கள். இரவு என்றால் நாலு சிக்னலையும் போட்டு, தாரை விட்டு முழுக்க இறங்கி நிறுத்துங்கள். புளியங்குளம், கனகராயன்குளம் பக்கம் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு விலத்தி வருகிறவர்கள் உங்களைக் கடைசி நேரத்தில்தான் காண்பார்கள்.

சாமான் மாத்தத்தான் வேணும் எண்டால் புதுசோ, பழசோ?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் எல்லாக் கார்களும் வயதேறிவிட்டன, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் பழைய சாமானுக்கும் கிராக்கி. திரொட்டில் பொடி, காற்றுச் சென்சர் போன்றவை கழற்றிய ஒரிஜினல் என்றாலும் பரவாயில்லை, மலிவுப் புதிதை விட நல்லது. பெற்றோல் பம்ப், பிளக், பில்டர், கிளச் தட்டு பழசு வாங்கவே கூடாது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்வதென்றால் பழைய சாமானில் அடித்திருக்கும் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். மொடல் பெயரை மட்டும் சொன்னால் வேறொன்று வந்து சேரும். திருப்பி அனுப்பும் பஸ் கூலியும் உங்கள் கையால்தான்.